ஏழுக்கு அப்புறம் எட்டு ஏன் வரல? பிரெட்போர்டு கிளாக் பத்தி ஒரு வாசகருக்குப் பதில்

கடைசி வருஷம் படிக்கிற ஒரு தம்பி எழுதின லெட்டர் இது. நீளமா எழுதியிருக்கார், பேர் வேண்டாம்னு கேட்டிருக்கார், அதனால விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்றேன்.

நாலு பிரெட்போர்டை (சால்டர் இல்லாம ஒயரைச் செருகிக் கட்டுற போர்டு) ஒட்டி வெச்சு ஒரு 8 பிட் கவுண்டரும் (எண்ணுற சர்க்யூட்) ரெண்டு ரிஜிஸ்டரும் (எண்ணைப் பிடிச்சு வைக்கிற சர்க்யூட்) கட்டியிருக்கார். கிளாக், அதாவது கவுண்டரை ஒவ்வொரு அடியா நகர்த்துற துடிப்பு, ஒரு 555 டைமர் சிப்புல இருந்து வருது. ரன், ஸ்டாப் சுவிட்ச் வேணும்னு அதை ஒரு 74ஹெச்சி08 ஆண்ட் கேட் (ரெண்டு இன்புட்டும் 1-ஆ இருந்தாத்தான் 1 குடுக்கிறது) வழியா அனுப்பி, அங்க இருந்து 20 சென்டிமீட்டர் ஜம்பர் ஒயர்ல போர்டு போர்டா தாவ விட்டிருக்கார். கவுண்டருக்கு ரெண்டு 74ஹெச்சி161, ஒவ்வொண்ணும் 4 பிட் எண்ணும். முதல் சிப்போட கேரியை (15 வரைக்கும் எண்ணி நிரம்பினா வர்ற சிக்னல்) ஒரு இன்வர்ட்டர் (0-வை 1-ஆ, 1-ஐ 0-வா திருப்புறது) வழியா ரெண்டாவது சிப்புக்கு கிளாக்கா குடுத்திருக்கார். இப்ப பிரச்சனை என்னன்னா கவுண்ட் தப்புத் தப்பா போகுது. 7-க்கு அப்புறம் 8 வராம சில சமயம் 9 வருது, சில சமயம் ஒரேயடியா 24-க்குத் தாவுது. கிளாக்கை 1 ஹெர்ட்ஸ் வரைக்கும் குறைச்சுப் பார்த்துட்டார், மாறல. கிளாக் லைன்ல 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் போட்டார், இன்னும் மோசமாச்சு. ஆசிலோஸ்கோப்புல பார்த்தா ஒவ்வொரு எட்ஜ்லயும் (சிக்னல் 0-க்கும் 1-க்கும் நடுவுல மாறுற இடம்) 2 வோல்ட் ஸ்பைக், ஆனா புரோப் வெச்சிருக்கிற வரைக்கும் கவுண்ட் ஒழுங்கா போகுது, எடுத்தா மறுபடி தாவுது. சிப் டூப்ளிகேட்டா இருக்குமோன்னு மூணு தடவை மாத்திட்டார். அடுத்து வேகமான 74ஏசி சிப் வாங்கலாமான்னு கேக்குறார். கைடு "பிரெட்போர்டுல இதெல்லாம் ஆகாது, பிசிபி போடு"ன்னு சொல்லிட்டாராம் (பிசிபின்னா ஒயருக்குப் பதிலா செம்புத் தடம் அச்சடிச்ச போர்டு). சர்க்யூட் போட்டோவும் படமும் கூட அனுப்பியிருக்கார். ரிவ்யூவுக்கு ரெண்டு வாரம் இருக்கு.

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். உங்க சிப்புல எந்தக் கோளாறும் இருக்கிற மாதிரி எனக்குத் தெரியல, கவுண்ட் தாவுறதுக்குக் காரணமா உங்க லாஜிக்ல இருக்கிறது ஒரே ஒரு இடம்தான். நீங்க பண்ணின நல்ல காரியம், எந்த எண்ணுல தாவுதுன்னு குறிச்சு வெச்சது. "தாவுது சார், எதாவது பண்ணுங்க"ன்னு மட்டும் எழுதியிருந்தா நான் பத்து கேள்வி திருப்பிக் கேட்டிருப்பேன். 7-ன்னு எழுதினீங்க பாருங்க, அதுலயே பாதி பதில் இருக்கு.

கிளாக்கை மெதுவாக்கினா ஏன் சரியாகல

நிறைய பேருக்கு இருக்கிற நினைப்பு இது, எனக்கும் பல வருஷம் இருந்துச்சு. நாய்ஸ் பிரச்சனைன்னா வேகம் ஜாஸ்தி, வேகத்தைக் குறைச்சா போயிடும்னு. ஆனா சிப் பாக்குறது செகண்டுக்கு எத்தனை தடவைங்கிறதை இல்ல, ஒவ்வொரு தடவையும் 0-ல இருந்து 5 வோல்ட்டுக்கு எவ்வளவு சீக்கிரம் ஏறுதுங்கிறதைத்தான். 74ஹெச்சி குடும்பத்து அவுட்புட் ஒண்ணு ஏறி முடிக்க சுமார் 5, 6 நானோ செகண்ட்தான் எடுக்கும், நீங்க 1 ஹெர்ட்ஸ்ல ஓட்டினாலும் அதேதான், 1 மெகாஹெர்ட்ஸ்ல ஓட்டினாலும் அதேதான். 0.35-ஐ அந்த ஏறுற நேரத்தால வகுத்தா அந்த எட்ஜுக்குள்ள எவ்வளவு உயர அலைவரிசை வரைக்கும் இருக்குன்னு தோராயமா வரும், 5 நானோ செகண்டுக்கு 70 மெகாஹெர்ட்ஸ். அதாவது உங்க 1 ஹெர்ட்ஸ் கிளாக், ஒவ்வொரு செகண்டும் ஒரு தடவை அந்த 20 சென்டிமீட்டர் ஒயரை 70 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் மாதிரி ஓங்கி அடிக்குது. கதவை ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் சாத்துறேன்னாலும் ஓங்கிச் சாத்தினா ஜன்னல் அதிரத்தானே செய்யும்.

ஒயர்ல 1 மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1 நானோஹென்றி இண்டக்டன்ஸ்னு கணக்கு வெச்சுக்கலாம், அப்ப உங்க ஜம்பர் மட்டும் 200 நானோஹென்றி. அந்தப் பக்கம் சிப் இன்புட்டோட கபாசிட்டன்ஸ், பிரெட்போர்டுல பக்கத்துப் பக்கத்து வரிசைக்கு நடுவுல இருக்கிற சில பிகோஃபாரட், எல்லாம் சேர்ந்து ஒரு ஊஞ்சல் மாதிரி ஆயிடுது, எட்ஜ் வந்து தட்டினதும் அது மேலயும் கீழயும் ஆடி அடங்குது. அதைத்தான் ரிங்கிங்னு சொல்றோம்.

ஏழுல என்ன விசேஷம்

7-ங்கிறது பைனரில 0111, 8-ங்கிறது 1000. நாலு பிட்டும் ஒரே நேரத்துல மாறுது. அதுலயும் மூணு அவுட்புட் கீழ இறங்குது. கீழ இறங்குறதுன்னா அந்த லைன்ல தேங்கி நிக்கிற சார்ஜ் எல்லாம் சிப்புக்குள்ள வந்து 8-ம் பின், அதாவது கிரவுண்ட் பின் வழியா வெளிய ஓடணும். ஒவ்வொரு லைன்லயும் ஒயர், போர்டு, இன்புட் எல்லாம் சேர்ந்து 50 பிகோஃபாரட்னு வெச்சா, 5 வோல்ட் 5 நானோ செகண்டுல இறங்கும்போது 50 மில்லிஆம்பியர். மூணு லைனுக்கு 150. உங்க போட்டோல அந்த சிப்போட கிரவுண்ட் ஒயர் ரெயிலுக்கு (போர்டு ஓரத்துல பவரும் கிரவுண்டும் ஓடுற வரிசை) போற வழியைப் பார்த்தேன், 10 சென்டிமீட்டராவது இருக்கும், அது 100 நானோஹென்றி. கணக்கு போட்டா அந்த ஒயர்ல மட்டும் 3 வோல்ட் விழணும். நிஜத்துல அவ்வளவு வராது, மத்த சமாச்சாரமெல்லாம் தடுக்கும், ஆனா அதுல பாதி வந்தாலே காரியம் கெட்டுடும்.

என்ன கெடும்னா, சிப் கிளாக்கை அளக்கிறது தன்னோட கிரவுண்ட்ல இருந்துதான். தன் கிரவுண்டே ஒன்றரை வோல்ட் மேல தூக்கினா, வெளிய நீங்க குடுக்கிற 5 வோல்ட் அதோட கண்ணுக்கு மூன்றரையா தெரியும். அவுட்புட் மாறுறது கிளாக் எட்ஜ் வந்து சுமார் 15, 20 நானோ செகண்ட் கழிச்சு, அந்த நேரத்துல கிளாக் லைனும் இன்னும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கு. ஆட்டம் கீழ போற நேரமும் கிரவுண்ட் மேல தூக்குற நேரமும் ஒண்ணா அமைஞ்சா கிளாக் விழுந்து மறுபடி எழுந்த மாதிரி சிப்புக்குத் தெரியும். அது அதுக்கு இன்னொரு கிளாக். அதான் 8-ல நிக்காம 9. 15-ல இருந்து 0-க்குப் போறப்ப நாலுமே இறங்குது, அங்கயும் இப்படி ஆகுதான்னு கவனிச்சுப் பாருங்க.

அந்த 24 வேற கதை

7-க்கு அப்புறம் 24 வர்றது இதோட சேர்ந்தது இல்ல தம்பி, இதுதான் நான் சொன்ன அந்த ஒரே ஒரு லாஜிக் இடம். 24-ங்கிறது கீழ் சிப்புல 8, மேல் சிப்புல 1. கீழ் சிப் சரியாத்தான் எண்ணியிருக்கு, மேல் சிப்புக்கு இல்லாத கிளாக் ஒண்ணு போயிருக்கு. 161-ல 15-ம் பின்ல வர்ற கேரி, நாலு அவுட்புட்டும் 1-ஆ இருக்கான்னு பார்த்துச் சொல்றது. 0111-ல இருந்து 1000-க்குப் போறப்ப மேல் பிட் ஒரு இழை முன்னாடி ஏறி மத்த மூணும் ஒரு இழை பின்னாடி இறங்கினா, நடுவுல கண நேரம் 1111. கேரில ஒரு குட்டி ஸ்பைக். அதை நீங்க கிளாக்கா குடுத்திருக்கீங்க, மேல் சிப்பும் நம்பி எண்ணிடுச்சு. இது நாய்ஸ் இல்ல, எவ்வளவு சுத்தமா ஒயர் போட்டாலும் போகாது, பிசிபி போட்டாலும் கூடவே வரும்.

மாத்துறது சுலபம். ரெண்டு சிப்போட 2-ம் பின்னுக்கும் ஒரே கிளாக்கைக் குடுங்க. கீழ் சிப்போட 15-ம் பின்னை இன்வர்ட்டர் இல்லாம நேரா மேல் சிப்போட 10-ம் பின்னுக்கு, அதாவது எனேபிளுக்குக் குடுங்க, 7-ம் பின்னை 5 வோல்ட்ல கட்டுங்க. அப்ப கேரில ஸ்பைக் வந்தாலும் அடுத்த கிளாக் எட்ஜ் வர்றதுக்குள்ள அடங்கிடும், யாரும் அதைப் பார்க்க மாட்டாங்க. ரிஜிஸ்டர்லயும் லோட் சிக்னலை கிளாக்கோட ஆண்ட் பண்ணித்தான் 74ஹெச்சி273-க்குக் குடுத்திருக்கீங்கன்னு படத்துல தெரியுது, அதுக்குப் பதிலா 74ஹெச்சி377 போடுங்க, 1-ம் பின் தவிர எல்லா பின்னும் ஒண்ணுதான். 273-ல அது கிளியர், 377-ல அது எனேபிள், கீழ இழுத்தாத்தான் வேலை செய்யும். கிளாக்கை கேட் பண்றதை (கேட் வழியா தடுத்தும் விட்டும் அனுப்புறதை) எங்கெல்லாம் தவிர்க்க முடியுமோ அங்கெல்லாம் தவிர்த்துடுங்க. ரன், ஸ்டாப் சுவிட்சும் அப்படித்தான், கிளாக் மேல இருக்கிறப்ப நீங்க சுவிட்சைத் தட்டினா அரைகுறை பல்ஸ் ஒண்ணு போகும், சுவிட்சோட காண்டாக்ட் வேற சில மில்லி செகண்ட் துள்ளும். அந்த சுவிட்சை ஒரு டி ஃப்ளிப்ஃப்ளாப் (கிளாக் எட்ஜ்ல மட்டும் இன்புட்டைப் பிடிச்சு வைக்கிறது) வழியா, கிளாக் இறங்குற எட்ஜ்ல மாறுற மாதிரி வெச்சு அப்புறமா ஆண்ட் கேட்டுக்குக் குடுங்க.

கபாசிட்டர் ஏன் மோசமாக்குச்சு

ஸ்பைக்கை கபாசிட்டர் முழுங்கிடும்ங்கிற நினைப்பு பவர் லைனுக்குச் சரி, கிளாக் லைனுக்கு ரொம்பத் தப்பு. 74ஹெச்சி அவுட்புட் ஒரு 25 மில்லிஆம்பியர் தள்ளுதுன்னு வெச்சா, 0.1 மைக்ரோஃபாரட்டை 5 வோல்ட்டுக்கு நிரப்ப சுமார் 20 மைக்ரோ செகண்ட் ஆகும். டேட்டாஷீட்ல பாருங்க, சாதாரண 74ஹெச்சி இன்புட்டுக்கு 4.5 வோல்ட்ல எட்ஜ் அதிகபட்சம் 500 நானோ செகண்டுக்குள்ள ஏறணும்னு போட்டிருக்கும். நீங்க அதைப் போல 40 மடங்கு மெதுவாக்கிட்டீங்க. 0-க்கும் 1-க்கும் நடுவுல இருக்கிற அந்தக் கோட்டை சிக்னல் நத்தை மாதிரி கடக்குறப்ப, சின்னதா ஒரு அதிர்வு வந்தாலே கோட்டுக்கு மேல, கீழ, மேல, கீழன்னு நாலு தடவை கடந்துடும். கவுண்டர் எண்ணினதும் அதோட சொந்த கிரவுண்டே அசையுது, அந்த அசைவே அடுத்த கிளாக்கா ஆயிடுது. அந்த கபாசிட்டரை இன்னைக்கே எடுத்துடுங்க.

எட்ஜைக் கொஞ்சமா, அளவா மெதுவாக்கணும்னா அதுக்கு ரெசிஸ்டர். ஆண்ட் கேட் அவுட்புட் பின்னை ஒட்டி, ஒயர் கிளம்புற இடத்துலயே, 47-ல இருந்து 100 ஓம் வரைக்கும் ஒண்ணை சீரிஸ்ல போடுங்க. ஒயரோட கடைசில போட்டா இந்த வேலையை ஒழுங்கா செய்யாது, கிளம்புற இடம்தான் முக்கியம். ஆடுற ஊஞ்சலைக் கையால பிடிக்கிற மாதிரிதான் அது. புரோப் வெச்சா சரியாகுதுன்னு சொன்னீங்கல்ல, அதுவும் இதேதான், 10 எக்ஸ் புரோப் (சிக்னலைப் பத்துல ஒரு பங்கா குறைச்சு ஸ்கோப்புக்கு அனுப்புறது) சுமார் 10, 15 பிகோஃபாரட் சேர்க்குது, எட்ஜோட கூர்மை துளி மழுங்குது, கூடவே அதோட கிரவுண்ட் கிளிப் வழியா இன்னொரு கிரவுண்ட் பாதையும் கிடைக்குது. புரோப் வெச்சா சரியாகுற சர்க்யூட் நல்லா இருக்கிற சர்க்யூட் இல்ல, விளிம்புல நிக்கிற சர்க்யூட்.

அந்த 2 வோல்ட் ஸ்பைக்கையும் முழுசா நம்பாதீங்க. புரோப்போட 15 சென்டிமீட்டர் கிரவுண்ட் ஒயரும் புரோப் முனையோட கபாசிட்டன்ஸும் சேர்ந்து 100 மெகாஹெர்ட்ஸை ஒட்டித் தானா ஆடும், நீங்க பாக்குறதுல ஒரு பங்கு அதோடது. ஒயரைக் கழட்டிட்டு புரோப் முனையிலயே மாட்டுற குட்டி ஸ்பிரிங் வெச்சுப் பாருங்க, இல்லைன்னா ஒரு சின்னக் கம்பியை முனைக்குப் பக்கத்துல இருக்கிற உலோக வளையத்துல சுத்தி அதை நேரா சிப்போட கிரவுண்ட் பின்ல தொடுங்க. 1 எக்ஸ்ல மட்டும் பார்க்காதீங்க, அதோட பேண்ட்விட்த் சில மெகாஹெர்ட்ஸ்லயே முடிஞ்சுடும், ஸ்பைக் இருந்தாலும் தெரியாது.

555 பத்தி ஒரு வார்த்தை

சாதாரண பைபோலார் 555-க்கு ரெண்டு குணம் உண்டு. ஒண்ணு, அவுட்புட் மாறுற நொடியில சப்ளைல இருந்து சில நூறு மில்லிஆம்பியர் ஸ்பைக் இழுக்கும். ரெண்டு, 5 வோல்ட் குடுத்தா அவுட்புட் 5 வோல்ட் வராது, மூன்றரையைச் சுத்தித்தான் நிக்கும். 74ஹெச்சிக்கோ 5 வோல்ட் சப்ளைல 1-னு உறுதியா எடுத்துக்க 3.5 வோல்ட் வேணும். அதாவது உங்க கிளாக் பிறக்கிற இடத்துலயே மார்ஜின் பூஜ்யம். சீமாஸ் 555 (டிஎல்சி555 மாதிரி) மாத்தினா ரெண்டு பிரச்சனையும் ஒரே அடியில போயிடும், பின்னும் அதேதான், ஆனா பைபோலார் அளவுக்கு இது கரண்ட் குடுக்காது, அதனால நேரா எல்இடியை அதுல தொங்க விடாதீங்க. கையில இல்லைன்னா அவுட்புட்ல இருந்து 5 வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம் புல்லப் (மேல இழுத்துப் பிடிக்கிற ரெசிஸ்டர்) போடுங்க, 5-ம் பின்ல இருந்து கிரவுண்டுக்கு 10 நானோஃபாரட், 8-க்கும் 1-க்கும் நடுவுல 0.1 மைக்ரோஃபாரட்டும் 10 மைக்ரோஃபாரட்டும் ஒட்டி வைங்க.

74ஏசி வேண்டவே வேண்டாம். அது எட்ஜை 74ஹெச்சியை விட இன்னும் வேகமா அடிக்கும், இப்ப இருக்கிற வியாதி இன்னும் ஏறும். 74ஹெச்சிடி பத்தி சில பேர் சொல்லுவாங்க, அது 2 வோல்ட்டையே 1-னு எடுத்துக்கும், 555 குறை அதோட தீரும்ங்கிறது உண்மைதான், ஆனா 0-ன்னா 0.8 வோல்ட்டுக்குக் கீழ இருக்கணும், கிரவுண்ட் தூக்குற உங்க போர்டுல அது இன்னொரு பக்கம் வம்பு. மாத்தாம இருக்கிறதே நல்லது.

எந்த வரிசைல செய்யறது

எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, எது சரிபண்ணுச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாம போயிடும். முதல்ல பவரை அணைச்சுட்டு மல்டிமீட்டரை எடுத்து ரெயிலைத் தடவுங்க. சில நீள பிரெட்போர்டுல பவர் ரெயில் நடுவுல துண்டாகி இருக்கும், மேல இருக்கிற சிவப்பு நீலக் கோட்டுல ஒரு சின்ன இடைவெளி விட்டிருப்பாங்க, கண்ணுல படாது. நான் ஒரு தடவை ரெண்டு ராத்திரி முழிச்சு ஒரு கவுண்டரை நோண்டினேன். பாதி போர்டுக்கு கிரவுண்டே இல்ல, சிப்பெல்லாம் இன்புட் பின் வழியா திருட்டுத்தனமா கிரவுண்ட் எடுத்துக்கிட்டு அரைகுறையா ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதுல இருந்து ரெயில் பார்க்காம நான் சிப்பைத் தொடறதில்ல. பவர் போட்டதும் சப்ளைல அளக்காதீங்க, ஒவ்வொரு சிப்போட பவர் பின்னுக்கும் கிரவுண்ட் பின்னுக்கும் நடுவுல அளங்க (161-க்கு 16-க்கும் 8-க்கும், ரிஜிஸ்டருக்கு 20-க்கும் 10-க்கும், ஆண்ட் கேட்டுக்கு 14-க்கும் 7-க்கும்).

அடுத்து கிரவுண்ட். போர்டுக்கும் போர்டுக்கும் நடுவுல இப்ப ஒரே ஒரு கிரவுண்ட் ஒயர் போட்டிருக்கீங்க, அதை ரெண்டு முனையிலயும் நடுவுலயும்னு மூணாக்குங்க. ஒவ்வொரு சிப்போட கிரவுண்ட் பின்ல இருந்தும் பக்கத்து ரெயிலுக்கு 1, 2 சென்டிமீட்டர்ல நேரா வெட்டிப் போட்ட கம்பி. ஒவ்வொரு சிப்புக்கும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக், கால் நீளத்தைக் கத்தரிச்சு, சிப்பைத் தாண்டி ரெண்டு பின்னுக்கும் பாலம் மாதிரி. ரெயில் ஓரத்துல போட்டு வெச்சிருக்கீங்களே, அது பாதி வேலைதான் செய்யுது. சும்மா விட்டிருக்கிற இன்புட் எல்லாத்தையும் தேவைக்கேத்தபடி 5 வோல்ட்லயோ கிரவுண்ட்லயோ கட்டுங்க, ஆண்ட் கேட்ல மிச்சம் இருக்கிற கேட்டோட இன்புட் கூட. 161-ல 1-ம் பின் கிளியர், கிளாக்குக்குக் காத்திருக்காது, அதுல நாய்ஸ் ஏறினா கவுண்ட் நடுவுல பூஜ்யத்துக்குப் போயிடும், அதை நேரா 5 வோல்ட்ல கட்டுங்க.

இதுக்கு மேலதான் கிளாக் ஒயர். கிளாக் போற ஒயரோடவே ஒரு கிரவுண்ட் ஒயரையும் சேர்த்து முறுக்கி எடுத்துட்டுப் போங்க, ரெண்டு முனையிலயும் அந்த கிரவுண்டைச் செருகுங்க. போன கரண்ட் திரும்பி வர்ற வழி பக்கத்துலயே இருந்தா இண்டக்டன்ஸ் வெகுவா குறையும். ஒரே ஒயர் நாலு போர்டுக்கும் தாவுறதை விட்டுட்டு, ஒரு 74ஹெச்சி14 போட்டு அதோட தனித்தனி கேட்ல இருந்து தனித்தனி ஒயர், ஒவ்வொண்ணுக்கும் தனி ரெசிஸ்டர். 14 ஷ்மிட் ட்ரிகர், ஏறுறப்ப ஒரு கோடு, இறங்குறப்ப அதுக்கு ஏறக்குறைய 1 வோல்ட் கீழ இன்னொரு கோடுன்னு வெச்சிருக்கும், சின்ன அதிர்வை மதிக்காது. சிக்னலைத் திருப்பிப் போடும்ங்கிறதை மட்டும் கணக்குல வெச்சுக்குங்க. எல்லா கிளையும் ஒரே சிப்பு, ஒரே எண்ணிக்கை கேட். ஒரு கிளைல மட்டும் கூட ஒரு கேட் சேர்ந்தா சுமார் 10 நானோ செகண்ட் பிந்தும், ரிஜிஸ்டருக்கு ரிஜிஸ்டர் டேட்டா போற இடத்துல அது தகராறு பண்ணும்.

கைடு சொன்னது, ரெண்டு வாரம்

அவர் சொல்றதுல நியாயம் இருக்கு, பிரெட்போர்டு மோசமான கிரவுண்டுதான். ஆனா ஆகாதுன்னு இல்ல, 1 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் 74ஹெச்சியை நிம்மதியா ஓட்டலாம், நான் ஓட்டியிருக்கேன். ரெண்டு வாரத்துல பிசிபி போடுறது ரிஸ்க், போர்டு வர்ற நாள் உங்க கையில இல்ல, வந்தப்புறம் ஒரு ட்ராக் தப்புன்னு தெரிஞ்சா திருத்த நேரம் இருக்காது, அந்த கேரி தப்பை அப்படியே பிசிபில ஏத்தினா அங்கயும் 24 வரும். நடுவழி ஒண்ணு இருக்கு. 555, ஆண்ட் கேட், 14, இந்த மூணை மட்டும் ஒரு டாட் போர்டுல (ஓட்டைகளோட வர்ற சால்டர் போர்டு) சால்டர் பண்ணி கிளாக்குக்குத் தனி போர்டா வெச்சுக்குங்க, மீதி பிரெட்போர்டுலயே இருக்கட்டும். ஒரு சாயங்கால வேலை. கைடுகிட்டயும் இதைப் பேசுங்க, எந்த எண்ணுல ஏன் தாவுதுன்னு அந்த 0111, 1000-ஐ எழுதிக் காட்டுங்க, அவர் கண்டிப்பா கேப்பார்.

கேரி இணைப்பை முதல் நாளே மாத்திடுங்க, 24 அன்னைக்கே போயிடணும். கிரவுண்டும் கபாசிட்டரும் முடிச்சப்புறமும் 9 வந்துச்சுன்னா எனக்கு ஒரு படம் அனுப்புங்க. ஸ்கோப்போட ரெண்டாவது சேனலை கீழ் 161-ஓட 11-ம் பின்ல வைங்க, அது 8-ம் எண் வர்றப்ப மட்டும்தான் ஏறும், அதோட ஏறுற எட்ஜ்ல சிங்கிள் ட்ரிகர் வைங்க. முதல் சேனல் 2-ம் பின்ல, கிரவுண்ட் ஸ்பிரிங் 8-ம் பின்ல. ட்ரிகருக்கு முன்னாடி 50 நானோ செகண்ட், பின்னாடி 100 நானோ செகண்ட் தெரியிற மாதிரி வெச்சு எடுத்து அனுப்புங்க.